ஹற்றன் குளக்கரைப் பாதைகள்: ஓடும் காலுக்குக் கீழே கிடக்கும் வரலாறு

எங்கள் பக்கத்துப் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டி என்றால் முதலில் வருவது மரதன் ஓட்டம்தான். மைதானம் இல்லாத பாடசாலையிலும் மரதன் நடக்கும். ஏனென்றால் தோட்டத்து ரோட்டு எல்லாப் பாடசாலைக்கும் இருக்கிறது. ஆசிரியர்களாகிய நாங்கள் பிள்ளைகளைப் பழக்குவதும் அதே ரோட்டில்தான். இப்போது சில வருடங்களாக அந்த ரோட்டில் வேறு ஆட்களும் ஓடுகிறார்கள். கையில் தூரம் காட்டும் கடிகாரம், முதுகில் தண்ணீர்ப் பை. கொழும்பிலிருந்து வருகிறார்கள், வெளிநாட்டிலிருந்தும் வருகிறார்கள். நின்று இரண்டு வார்த்தை பேசினால் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "ஓடுவதற்கு இந்தப் பக்கத்தில் எந்த வழி அழகு?"

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறோம். மூன்று வழிகளைச் சொல்லப் போகிறோம். மூன்றும் குளத்தையும் ஆற்றையும் ஒட்டிப் போகிறவை, மூன்றிலும் பார்க்கப் பழைய இடங்கள் உண்டு. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். அழகை மட்டும் சொல்லிவிட்டுப் போவதென்றால் நாலு படம் போட்டாலே போதும். எங்களுக்கு வேறொன்றும் சொல்ல இருக்கிறது.

இந்த வழிகளில் ஓடுகிறவர் கண்ணில் படும் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கிலப் பெயர்கள். தோட்டத்துப் பலகையில் ஸ்கொட்லாந்து ஊர்கள், தேவாலயத்து மயானத்தில் துரைமார் பெயர்கள். பாதையை வெட்டியவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அவர்கள் வைத்த பெயர்கள் இன்னும் சில வயதானவர்களின் வாயில் இருக்கின்றன. அவர்களும் போய்விட்டால் பெயர்களும் போய்விடும்.

பாதை வந்த கதை

கோப்பிக்கு முன்னால் இந்த மலைகளில் பாதையே இல்லை என்று நினைக்க வேண்டாம். சிவனொளிபாத மலைக்கு ஏறும் வழிகள் மிகப் பழையவை. மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா 1344இல் புத்தளம் பக்கத்திலிருந்து புறப்பட்டு அந்த மலைக்கு ஏறினார். ஆரியச்சக்கரவர்த்தி மன்னர் அவருக்குப் பல்லக்கும், துணைக்கு யோகிகளையும் பிராமணர்களையும் சுமைகாரர்களையும் கொடுத்து அனுப்பினார். மலைக்கு 'பாபா' வழி, 'மாமா' வழி என்று இரண்டு வழிகள் இருந்ததையும், செங்குத்தான இடங்களில் பிடித்து ஏறச் சங்கிலிகள் பொருத்தியிருந்ததையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். எங்கள் வீடுகளில் பெரியவர்கள் இன்றும் அதை பாவா ஆதம் மலை என்றுதான் சொல்வார்கள். பௌத்தர்களுக்கு அது ஸ்ரீ பாதம், சைவர்களுக்குச் சிவனொளிபாதம். ஒரே மலைக்கு நாலு சமயத்தவரும் ஒரே படியில் ஏறுவது உலகத்தில் அதிகம் காணக் கிடைக்காத ஒன்று.

இன்னொரு பழைய பாதை தவளத்தின் பாதை. தவளம் என்றால் பொதி மாட்டுக் கூட்டம். கண்டி இராச்சியக் காலத்தில் கரையோரத்து உப்பு, கருவாடு, புடவை எல்லாம் மாட்டின் முதுகில்தான் மலைக்கு ஏறின. திரும்பும்போது பாக்கும் மிளகும் இறங்கின. அந்தத் தொழிலில் முஸ்லிம்கள் பெருமளவில் இருந்தார்கள். கொத்மலைப் பக்கத்தில் தவலந்தென்ன என்று ஒரு ஊர் இருக்கிறது. 'தென்ன' என்றால் சிங்களத்தில் மலையிடையே உள்ள சமதரை. பொதி மாடுகள் இளைப்பாறிய சமதரை என்று அந்தப் பெயர் இன்றும் சொல்லிக்கொண்டு இருக்கிறது. புத்தகம் எழுதாத ஆட்களின் வரலாறு இப்படி ஊர்ப் பெயரில்தான் தங்கும்.

ஆனால் இன்று நாம் ஓடுகிற பாதைகளில் மிகப் பெரும்பாலானவை கோப்பியோடும் தேயிலையோடும் வந்தவை. 1830களின் கடைசியில் கோப்பித் தோட்டங்கள் பெருகத் தொடங்கின. டிக்கோயா, மஸ்கெலியாப் பள்ளத்தாக்குகள் அப்போது காடு. 1860களிலும் 70களிலும்தான் இந்தக் காடுகள் வெட்டப்பட்டன. வெட்டியவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். படகில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து மதவாச்சி, அநுராதபுரம், தம்புள்ளை, மாத்தளை என்று காட்டு வழியாக நடந்தே மலைக்கு ஏறினார்கள். வாந்திபேதியும் மலேரியாவும் அம்மையும் வழியெங்கும் ஆட்களைக் கொண்டுபோயின. விழுந்தவர்களைப் பாதையோரத்தில் விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசைகாட்டிக் கூட்டி வந்தார்கள் என்பது மலையகத்து வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை.

ஹற்றனுக்கு ரயில் வந்தது 1884இல். தலைமன்னாருக்கு ரயில் வந்தது 1914இல். அதற்கு முன்னால் வந்த அத்தனை பேரும் நடந்து வந்தவர்கள். ஆகவே இந்த மலைகளில் நீண்ட தூர ஓட்டக்காரர்களும் நடைக்காரர்களும் புதிதாக வந்தவர்கள் என்று யாரும் நினைக்கத் தேவையில்லை. நூறு மைலுக்கு மேல் நடந்து வந்த ஒருவரின் கொள்ளுப்பேத்திதான் எங்கள் வகுப்பில் மூன்றாவது மேசையில் இருக்கிறாள்.

வந்த பிறகும் அவர்கள் வேலை பாதை வெட்டுவதுதான். காட்டை வெட்டி எரித்து, சரிவுக்கு ஏற்ற மாதிரி வளைந்து வளைந்து ரோட்டுப் போட்டார்கள். மழைத் தண்ணீர் போகக் கான் வெட்டினார்கள். மண் சரியாமல் கல்லுக்கட்டு வைத்தார்கள். ஓடும்போது ஒருதரம் நின்று அந்தக் கல்லுக்கட்டைப் பாருங்கள். சீமெந்து இல்லாமல் கல்லின் மேல் கல்லாக அடுக்கியது. இத்தனை மழைக்கும் இன்னும் நிற்கிறது. வளைந்து போகும் ரோட்டை வெட்டி நேராக ஏறும் ஒற்றையடிக் குறுக்கு வழிகளையும் பார்ப்பீர்கள். ரோட்டு, வண்டிக்காகத் துரை போட வைத்தது. குறுக்கு வழி, பெரட்டுக்கு நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டியவர்கள் தங்கள் காலால் போட்டது.

முதலாவது வழி: டிக்கோயா, காசல்ரீ, நோர்வூட்

முதல் தடவை வருகிறவர்களுக்கு நாங்கள் சொல்வது இந்த வழி. ஹற்றன் சுமார் 1,270 மீற்றர் உயரம். டிக்கோயாவைத் தாண்டியதும் ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் கீழே காசல்ரீ நீர்த்தேக்கம். காலை 6 மணிக்கு நீரின் மேல் புகை மாதிரி மூட்டம் நிற்கும். 7 மணிக்கு மேல் வெயில் விழுந்தால் எதிர்மலை அப்படியே தண்ணீரில் தெரியும். ஏற்றம் கடுமையில்லை. மூச்சுப் பழகாதவர்களும் ஓடலாம்.

இந்த வழியில் பார்க்க வேண்டியது வார்லி தேவாலயம். 1878இல் கட்டியது. சிறிய கற்கோயில், சுற்றிலும் மயானம், கீழே குளம். படம் எடுக்காமல் யாரும் திரும்புவதில்லை. ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, அந்தத் தேவாலயம் கட்டியபோது அங்கே குளம் இல்லை. கெசல்கமு ஓயா என்ற ஆறு மட்டும்தான் பள்ளத்தில் ஓடியது. காசல்ரீ அணைக்கட்டு 1965இல் வந்தது. 87 வருடம் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்த தேவாலயம் அதற்குப் பிறகுதான் குளத்தைப் பார்க்கத் தொடங்கியது. இன்று 'இயற்கை அழகு' என்று நாம் படம் பிடிப்பதில் பாதி, மின்சாரத்துக்காக மனிதர் செய்த வேலை.

இரண்டு, 1878 என்பது கோப்பியின் கடைசிக் காலம். இலைநோய் 1869இலேயே இலங்கைக் கோப்பியில் பிடித்துவிட்டது. பத்து, பதினைந்து வருடத்தில் தோட்டங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. அதன் பிறகுதான் தேயிலை முழு மலையையும் மூடியது. அந்த மயானத்தில் உறங்குகிறவர்களில் பலர் கடல் கடந்து வந்து இந்தக் குளிரில் இளவயதிலேயே செத்தவர்கள். குழந்தைகளின் கல்லறைகளும் உண்டு. அவர்கள் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. செத்தவருக்கு மரியாதை செய்வது எங்கள் எல்லோருக்கும் கற்றுத்தந்த பழக்கம். ஆனால் அந்தக் கற்களை வாசித்துவிட்டு வெளியே வரும்போது பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்போம்: "அதே வருடத்தில் அதே நோயில் செத்த லயத்து ஆட்கள் எங்கே?" பிள்ளைகள் தேயிலை மலையைக் காட்டுவார்கள். தோட்டத்துப் புதைகுழிகள் பெரும்பாலும் மலையின் தொங்கலில் இருக்கும். கல் இல்லை, பெயர் இல்லை. சில இடங்களில் மேடு கூட இல்லாமல் தேயிலைச் செடியே நிற்கும்.

இரண்டாவது வழி: மஸ்கெலியா, மவுஸ்ஸாக்கலை, நல்லதண்ணி

மஸ்கெலியாவிலிருந்து நல்லதண்ணிக்குப் போகும் ரோட்டு மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தைச் சுற்றிப் போகிறது. வளைவுக்கு வளைவு சிவனொளிபாத மலை தெரியும், மறையும், மறுபடி தெரியும். மூன்று வழிகளிலும் அழகில் இதற்குத்தான் முதலிடம் கொடுப்போம். ஆனால் மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் வரை யாத்திரைக் காலம். வார இறுதிகளில் பஸ்ஸும் வேனும் இரவு பகலாக ஓடும். அந்த நாட்களில் இங்கே ஓட வராதீர்கள்.

இந்தக் குளத்துக்கு அடியில் ஒரு ஊர் இருக்கிறது. பழைய மஸ்கெலியா நகரம். 1960களின் பிற்பகுதியில் மஸ்கெலி ஓயாவை மறித்து அணை கட்டியபோது நகரம் நீருக்குள் போனது. மேலே புதிய நகரம் எழும்பியது. வரட்சி கடுமையான ஆண்டுகளில் நீர் இறங்கினால் பழைய கோயில், பள்ளிவாசல், விகாரை ஆகியவற்றின் எச்சங்கள் சேற்றிலிருந்து எழும்பி நிற்கும். ஊரெல்லாம் பார்க்கப் போகும். ஒரு சின்ன மலை நகரத்தில் மூன்று சமயத்தவரும் அடுத்தடுத்துக் கும்பிட்டார்கள், தொழுதார்கள், கடை வைத்தார்கள், சம்பள நாள் வரை கடன் கொடுத்தார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி தேவையில்லை. மூன்றையும் ஒரே தண்ணீர் மூடியது.

எதற்காக மூடியது என்பதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். டி. ஜே. விமலசுரேந்திர என்ற இலங்கைப் பொறியியலாளர் 1918இலேயே கெசல்கமு ஓயாவிலும் மஸ்கெலி ஓயாவிலும் இருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டு ஆய்வுரை வாசித்தார். ஆட்சியில் இருந்தவர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ள நீண்ட காலம் எடுத்தது. லக்ஷபானவின் முதல் மின்நிலையம் இயங்கியது 1950இல். அவர் காலமானது 1953இல். காசல்ரீ நீரில் இயங்கும் மின்நிலையத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். இந்த இரண்டு ஆறுகளும் கீழே சேர்ந்துதான் களனி கங்கையாகிக் கொழும்புக்குப் போகிறது. தலைநகரத்தின் குழாய் நீரில் பெரும் பகுதி அந்தக் கங்கையிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. கொழும்பில் விளக்குப் போடுகிற கையும் குழாயைத் திறக்கிற கையும் எங்கள் மலையைத் தொட்டுத்தான் போகின்றன. ஆனால் குளத்தைச் சுற்றியிருந்த லயங்களில் பெரும்பாலானவற்றுக்கு மின்சாரம் வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆயின. தண்ணீருக்குப் பக்கத்திலேயே குப்பி விளக்கில் படித்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது.

இந்த வழி முடியும் இடத்தின் பெயரையும் பாருங்கள். துரைமார் அதற்கு டல்ஹவுசி என்று பெயர் வைத்தார்கள். மலையேற வந்தவர்களும் தோட்டத்து மக்களும் அங்கே ஓடிய தண்ணீரைக் குடித்துவிட்டு நல்லதண்ணி என்றார்கள். இன்று பஸ் பலகையிலும் சிங்களப் பேச்சிலும் அந்தத் தமிழ்ப் பெயர்தான் நிலைத்திருக்கிறது. பெயர் விஷயத்தில் சாதாரண மக்கள் ஜெயித்த இடம் இது ஒன்றாவது எங்களுக்கு இருக்கிறது.

மூன்றாவது வழி: நோர்வூட், பொகவந்தலாவை

இது கொஞ்சம் நீளமான வழி. பெரிய பிள்ளைகளையும் நன்றாகப் பழகியவர்களையும்தான் கூட்டிப்போவோம். காசல்ரீக்கு நீர் கொண்டுவரும் ஆற்றின் வழியே மேலே மேலே போகும் பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் தேயிலை, இடையிடையே சவுக்கு, மேலே புல்வெளி மலைகள்.

பொகவந்தலாவையில் புனித மரியாள் தேவாலயத்து மயானத்தில் ஒரு கணவனும் மனைவியும் அடங்கியிருக்கிறார்கள். மனைவி ஜூலியா மார்கரட் கமரூன். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில் கமராவைக் கையில் எடுத்து, உலகப் புகைப்படக் கலையில் மறக்க முடியாத பெயராக ஆனவர். டார்வினையும் கவிஞர் டெனிசனையும் படம் எடுத்தவர். 1875இல் இலங்கைக்கு வந்து, 1879 ஜனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கிலிருந்த கிளென்கேர்ன் தோட்டத்தில் காலமானார். கணவர் சார்ள்ஸ் ஹே கமரூன் அடுத்த வருடம் காலமானார்.

அந்தக் கணவரின் பெயரை சாதாரண தர வரலாறு படித்த எல்லோரும் மனப்பாடம் செய்திருப்பீர்கள். கோல்புறூக்–கமரூன் ஆணைக்குழுவின் கமரூன் இவர்தான்! ராஜகாரியத்தை ஒழிக்கச் சொன்ன ஆணைக்குழு அது. 1832இல் அது ஒழிந்தது. கட்டாய உழைப்பு ஒழிந்தது நல்ல காரியம். ஆனால் அதோடு சேர்ந்து காணியும் உழைப்பும் காசுக்கு வாங்கும் பொருளாக மாறின. கோப்பிக்கு ஆள் தேவைப்பட்டது. கண்டிச் சிங்கள விவசாயி தன் வயலை விட்டு அந்த வேலைக்கு வர விரும்பவில்லை. ஆட்களைத் தேடிக் கங்காணிமார் கடல் கடந்து போனார்கள். பரீட்சைத்தாளில் இரண்டு புள்ளிக்கு எழுதும் பெயர் எங்கள் பக்கத்து மயானத்தில் கிடக்கிறது என்று சொன்னால் பிள்ளைகளின் கண் விரியும். அந்த ஆணைக்குழுவின் விளைவுதான் தங்கள் பூட்டன் என்று சொன்னால் இன்னும் விரியும்.

ஜூலியா கமரூனைப் பற்றி ஒரு விஷயம். இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களுக்குப் பெரும்பாலும் பெயர் உண்டு, யார் என்று தெரியும். இலங்கையில் அவர் எடுத்தவற்றில் மிஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. அவற்றில் இருக்கும் உழைக்கும் மக்களுக்குப் பெரும்பாலும் பெயர் இல்லை. களுத்துறையில் எடுத்த பிரபலமான படம் ஒன்றின் தலைப்பே 'களுத்துறை விவசாயிகள் கூட்டம்' என்றுதான் இருக்கிறது. மூன்று பேர் நேராக நம்மைப் பார்க்கிறார்கள். யார் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. கல்லில் இல்லாத பெயர் படத்திலும் இல்லை.

யாருடைய பாதை?

உலகப் புகழ்பெற்ற ஒரு ஏரிப் பிரதேசம் இங்கிலாந்தில் இருக்கிறது. ஏரியைச் சுற்றி நடக்கவும் ஓடவும் ஆட்கள் உலகமெங்குமிருந்து போவார்கள். அந்த நாட்டிலும் மலைகள் ஒரு காலத்தில் பிரபுக்களின் வேலிக்குள் இருந்தன. 1932 ஏப்ரலில் மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள் கின்டர் ஸ்கவுட் என்ற மலையில் அனுமதியில்லாமல் கூட்டமாக ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். அதன் பிறகு 1949இல் தேசியப் பூங்காக்களுக்கும் பொதுமக்கள் நடைக்கும் சட்டம் வந்தது. அந்த ஏரிப் பிரதேசமும் 1951இல் தேசியப் பூங்காவானது. பாதை தானாகப் பொதுவாகவில்லை.

எங்கள் மலையிலும் பாதை என்பது சண்டை போட்ட விஷயம். தோட்டத்துக்குள் வெளியாள் நுழைந்தால் அத்துமீறல். தொழிற்சங்கம் பேச வந்தவர்களை அந்தச் சட்டத்தைக் காட்டியே விரட்டினார்கள். கோ. நடேசய்யர் தோட்டத்து நிலைமையை அறிய புடவை வியாபாரி வேடத்தில் உள்ளே போனார் என்பார்கள். தோளில் புடவை மூட்டையோடு லயம் லயமாக நடந்த வியாபாரிகள் எங்கள் சமூகத்திலும் நிறைய இருந்தார்கள். கணக்கப்பிள்ளை தடுக்காத ஒரே வெளியாள் அந்த மூட்டைக்காரர்தான். அவருக்குத் திறந்த பாதையில் தான் நடேசய்யர் நுழைந்தார். பின்னர் 1931இல் ஹற்றனைத் தளமாகக் கொண்டு அவரும் அவருடைய துணைவியார் மீனாட்சியம்மையும் தொழிலாளர்களைத் திரட்டினார்கள்.

ஹற்றன் ரயில் நிலையத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஓடி முடித்துக் கொழும்புக்குக் கோச்சி ஏறுகிற இடம் அது. ஹற்றனுக்கும் கொட்டகலைக்கும் இடையே அரைக் கிலோமீற்றருக்கு மேல் நீளமான சுரங்கம், நீண்ட காலம் இலங்கையிலேயே நீளமானதாக இருந்த ரயில் சுரங்கம், இருக்கிறது. புத்தகத்தில் பூல்பேங்க், எங்கள் வாயில் சிங்கமலை. 1948இல் பிரஜாவுரிமை பறிபோனது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மீதி ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். போகச் சொன்னவர்களை ஏற்றிக்கொண்டு இந்த நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. நடந்து வந்த பாதையை ரயிலில் திரும்பக் கடந்தார்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் பிரஜாவுரிமைப் பிரச்சினை ஒரு முடிவுக்கு வந்தது.

2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் புறப்பட்டது. மலையக மக்கள் வந்து 200 வருடம் என்பதை நினைத்து, அந்தப் பழைய வழியிலேயே நடந்து ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையை அடைந்தார்கள். வழியில் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் வரவேற்றார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். அதே ஆண்டுகளில்தான் பீக்கோ ட்ரெயில் என்ற நடைவழியும் பேசப்படத் தொடங்கியது. கண்டி ஹந்தானையில் தொடங்கி, லூல்கந்துர, தவலந்தென்ன, பூண்டுலோயா, வட்டகொடை, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை என்று வந்து, ஊவாவைச் சுற்றி நுவரெலியாவில் முடிகிறது. 22 பகுதிகள், 300 கிலோமீற்றருக்கு மேல். பழைய தோட்டப் பாதைகளைக் கோத்துத்தான் அதை உண்டாக்கியிருக்கிறார்கள்.

அதை நாங்கள் எதிர்க்கவில்லை. வருகிறவர்கள் பெருந்தெருவோடு போய்விடாமல் லயத்துப் பக்கமும் வருகிறார்கள். சின்னக் கடைக்கு வியாபாரம், வழிகாட்டப் போகும் இளைஞனுக்கு வருமானம். எங்கள் கேள்வி, அந்த இளைஞன் என்ன கதை சொல்லப் போகிறான் என்பதுதான். லூல்கந்துரயில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டதைச் சொல்வான். சொல்லட்டும், உண்மைதான். அதே ஹேவாஹெட்டப் பக்கத்தில் முல்லோயாத் தோட்டத்தில் 1940 ஜனவரி 10ஆம் திகதி சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்கள் மேல் பொலிஸ் சுட்டு, கோவிந்தன் என்ற தொழிலாளி செத்தாரே, அதைச் சொல்வானா? பூண்டுலோயாவிலிருந்து வட்டகொடைக்குப் போகும்போது, மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை என்ற கவிஞர் இந்த மக்களின் வாழ்க்கையை ஆங்கிலத்தில் எழுதி உலகத்துக்குக் காட்டினார் என்று சொல்வானா? அவனுக்குத் தெரிந்தால் சொல்வான். தெரியவைப்பது ஆசிரியர் வேலை. பாடப்புத்தகத்தில் மலையகத்துக்குக் கிடைத்திருப்பது சில பந்திகள்தான். மீதியைப் பாதையில்தான் படிப்பிக்க வேண்டும்.

நாங்கள் செய்வது

பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. மரதன் பழகப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு கொப்பி கொடுக்கிறோம். ஓடும் வழியில் உள்ள வளைவு, பீலி, பாலம், மலை எல்லாவற்றுக்கும் வீட்டில் என்ன பெயர் என்று அப்பாயியிடமும் தாத்தாவிடமும் கேட்டு எழுதிவரச் சொல்கிறோம். ஒரு பெயர் ஓடையால் வந்தது, ஒன்று சாய்ந்த மரத்தால் வந்தது, ஒன்று யாரோ ஒரு கங்காணியால் வந்தது. சில பெயருக்குக் காரணம் சொல்ல ஆளில்லை. அதையும் அப்படியே எழுதச் சொல்கிறோம். புதைகுழி இருந்த இடங்களையும் கேட்கச் சொல்கிறோம். எங்கே, யார், எந்த வருடம் என்று நினைவிருப்பதை எழுதினால் போதும். தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தில் ஒருவர் வெறும் செக்ரோல் இலக்கமாக இருந்திருக்கலாம். பேரனின் கொப்பியில் அவருக்குப் பெயர் இருக்கட்டும்.

ஓட வருகிறவர்களுக்கும் சில வார்த்தைகள். காலை 6 மணிக்குத் தொடங்குங்கள். பிற்பகலில் பெரும்பாலும் மழை. அட்டை இருக்கும், உப்பும் சவர்க்காரமும் கொண்டுவாருங்கள். அடை மழை நாட்களில் மண்சரிவு அபாயம் உண்டு, வராதீர்கள். தோட்டப் பாதை தோட்டத்துக்குள் போகிறது. காவல்காரர் மறித்தால் மரியாதையாகக் கேட்டுப் போங்கள். கொழுந்துக் கூடையோடு வரும் அக்காவுக்கு வழிவிட்டு நில்லுங்கள். அவரது கணக்கு கிலோவில், உங்களுடையது கிலோமீற்றரில். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். எடுத்தால் பெயரைக் கேட்டு, படத்தோடு அந்தப் பெயரையும் எழுதுங்கள். இளைப்பாற ஒரு தோட்டத்துக் கடையில் நின்று தேத்தண்ணி குடியுங்கள்.

மலையகத்தில் பிறந்து இப்போது கொழும்பிலோ கட்டாரிலோ கனடாவிலோ இருப்பவர்களே, உங்களிடம் கேட்பது ஒன்றுதான். இந்த வார இறுதியில் வீட்டுக்குப் பேசும்போது, நீங்கள் பள்ளிக்கூடம் போன குறுக்கு வழிக்கு என்ன பெயர் என்று அம்மாவிடம் கேளுங்கள். கேட்டதை எங்காவது ஒரு தாளில் எழுதி வையுங்கள்.